பாரதியாரும் பதிப்புரிமையும்

பழனி மலைத் தொடரில், கொடைக்கானலுக்கு அணித்தாக உள்ள வில்பட்டி என்னும் சிற்றூர் யான் பிறந்த இடம். மலைச்சரிவைப் படிப்படியாகத் திருத்திப் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் குடிகள் நிறைந்தது அவ்வூர். மாலைப்பொழுதிலேயே மூடுபனி வந்து தெருவை நிறைத்துவிடும். அத்தகைய மாலைகளில் எம் வீட்டிற்குத் துணையாயிருந்தது, தமிழக அரசார் பள்ளி மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளுள் ஒன்று. அஃது என் தமக்கைக்குக் கிடைத்தது. அதனைத் திறந்தால், வின்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று அதுவே வினவும். பாஸ் என்பது சி-டாக் என்னும் அரசு ஆராய்ச்சி நிலையத்தார், டெபியன் என்ற பொது இயங்குதளத்தை அடியாகக் கொண்டு ஆக்கியது. அக்கணினியிலேயே பாரதியார் பாடல்கள் முழுவதையும், 1998-ல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தாரின் மின்பதிப்பிலிருந்து தமக்கை இறக்கி வைத்திருந்தாள்.

இயங்குதளத்திற்கும் யாம் காசு கொடுத்திலேம்; பாடல்களுக்கும் கொடுத்திலேம். ஆயின் ஒரு வேறுபாடு என் கண்ணிற் பட்டது. லினக்ஸுடன் நீண்டதோர் உரிமப் பத்திரம் வந்தது. இன்னின்ன செய்யலாம், இன்ன நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அது விரித்துரைத்தது. பாடல்களுக்கோ அத்தகைய நிபந்தனை யாதும் இல்லை. இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் இருவேறு ஏற்பாடுகள் அடங்கியிருப்பானேன்? இவ்வினாவை உடன்கொண்டே மகாகவியின் வரலாற்றைப் படிக்கலானேன். அவருடைய தேசபக்தியையும் கவித்திறத்தையும் பேசிய கட்டுரைகள் பல; அவர் எழுத்துக்கள் எவர் கையில் இருந்தன என்பதைப் பேசியவை சிலவே.

சுப்பிரமணிய பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். பதினோராம் வயதில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். தந்தையார் எந்திரக் கலையில் பெருவிருப்புடையவர். எட்டயபுரத்தில் பஞ்சாலை ஒன்று நிறுவி, அதிலே கைப்பொருளனைத்தையும் இழந்தார். மகனுக்கு 1897-ல் செல்லம்மாளை மணம் முடித்து வைத்து, மறு ஆண்டே மறைந்தார். திக்கற்ற இளைஞர் காசி நகர் சென்று அத்தையார் வீட்டிற் பயின்றார். 1902-ல் எட்டயபுரம் மீண்டு அரண்மனையில் அமர்ந்தார். அவ்வாழ்வு அவருக்கு ஒவ்வவில்லை. 1904-ல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராயிருந்தார். அவ்வாண்டு மதுரை விவேகபாநு இதழில் அவரது பாடலொன்று அச்சேறியது. அச்சில் வந்த அவருடைய முதற் பாடல் அதுவே என்பர்.

அதே ஆண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராக்கினார். 1906-ல் இந்தியா என்னும் வாரப் பத்திரிகை தோன்றியதும் அதன் எழுத்துப் பொறுப்பை ஏற்றார். செந்நிறத் தாளில் அச்சாகிக் கேலிச் சித்திரங்களோடு வெளிவந்த அப்பத்திரிகை, மிதவாதிகளை ஓயாது தாக்கிற்று.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குதல் தகும். சென்னை மிதவாதிகளுள் தலைசிறந்தவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். பாரதியாரின் எழுதுகோல் அவரையும் விட்டு வைத்ததில்லை. அவர்பால் பாரதியாரை அழைத்துச் சென்றவர் ஜி. ஏ. நடேசன். வந்த இளைஞர் யாவரெனக் கேளாமலே பாட்டைக் கேட்டு உருகிய கிருஷ்ணசுவாமி ஐயர், மூன்று பாடல்களைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிடுவித்து மாணவர்க்கும் மற்றவர்க்கும் விலையின்றி வழங்கச் செய்தார். இது நடந்தது 1907-ல். தம்மை எதிர்ப்பவரின் பாட்டைத் தம் பொருளைக் கொண்டே பரப்பிய அப்பெருமகனாரின் உள்ளம் பெரிது. ஆயின் யான் கருதுவது வேறொன்று. பாரதியாரின் எழுத்து நாடெங்கும் பரவிய முதல் வாய்ப்பு விற்பனையால் வந்ததன்று. எவரும் எடுத்துச் செல்க என்ற கொடையால் வந்தது. அதன் செலவைத் தாங்கப் பிறிதொருவர் இருந்தார் என்பதையும் மறத்தலாகாது. கொடுப்பவர்க்குச் செலவில்லாத இலவசம் உலகில் அரிது.

மறு ஆண்டு, 1908-ல், சுதேச கீதங்கள் என்னும் நூலைப் பாரதியாரே வெளியிட்டார். அவ்வாண்டிலேயே இந்தியாவின்மேல் அரசாங்கத்தின் பார்வை விழுந்தது. பதிவுபெற்ற ஆசிரியர் சிறைப்பட்டார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். பத்திரிகையும் அங்கே பெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிற்குள் அது நுழையத் தடை விதிக்கப்படவே, 1910 மார்ச்சில் நின்றது. கனவு, ஆறிலொரு பங்கு ஆகிய சிறு நூல்களை 1911-ல் அரசாங்கம் பறிமுதல் செய்தது. எழுதுவோனுக்கு எழுத்தின்மேல் உள்ள உரிமையைப் பற்றிப் பேசுகின்றோம். பாரதியாரின் காலத்தில் அவ்வெழுத்தின்மேல் முழு அதிகாரம் செலுத்தியது காவல்துறையே.

புதுச்சேரியில் பத்தாண்டுகள். பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் 1912-ல் வெளிவந்தது. கண்ணன் பாட்டை 1917-ல் சென்னையில் பதிப்பித்தவர், அவரைத் தமையனாகப் போற்றிய பரலி சு. நெல்லையப்பர். 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரி எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே கைதானார். சுமார் மூன்றரை வாரம் காவலில் இருந்து வெளிவந்து, செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கினார்.

கடையத்தில் அவர் தீட்டிய திட்டமே என் நோக்கில் அவரது வரலாற்றின் நடு முடிச்சு. தம் எழுத்துக்களனைத்தையும் நாற்பது தொகுதிகளாக்குவது, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிடுவது, ஆக நான்கு லட்சம் பிரதிகளை மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல நாடெங்கும் வீடுதோறும் செல்லுமாறு எளிய விலைக்கு விற்பது என்று கணக்கிட்டார். அச்சுச் செலவிற்குக் கடனாகப் பொருள் அளிக்குமாறு 1920-ல் அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். வட்டியோடு திருப்பித் தருவதாகவும் உறுதி கூறினார். உதவி வரவில்லை. அத்திட்டம் தாளளவில் நின்றது.

இத்திட்டத்தைக் கொண்டு, பாரதியார் தம் நூல்களைப் பொதுவுடைமையாக்க விரும்பினார் என்று பேசுவோர் உளர். வணிக நோக்குடையவராயிருந்தார் என்று பேசுவோரும் உளர். இரண்டும் பாதி உண்மை. தம் எழுத்து எல்லாரிடத்தும் செல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம்; அதனால் தம் குடும்பம் உண்ண வேண்டும் என்பதும் அவர் விருப்பம். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வழியை அவர் தேடினார். அவர்க்கு அது கிட்டவில்லை. 1920 இறுதியில் சென்னைக்கு வந்து மீண்டும் சுதேசமித்திரனில் அமர்ந்தார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளுண்டு பிழைத்தவர், பின்னர் வந்த வயிற்று நோயால் 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பதாம் ஆண்டு நிரம்புமுன், உயிர் நீத்தார். தம் எழுத்துக்களின் உரிமையைக் குறித்து அவர் ஏற்பாடொன்றும் செய்து வைத்தாரல்லர்.

கவிஞர் மறைந்தார், கவிதையின் வழக்கு அதன் பின்னரே தொடங்கிற்று. அக்காலச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பதாண்டு வரையில் நூலுரிமை அவர் வழியினர்க்குரியது. அதாவது 1971 வரையில். செல்லம்மாளும் தங்கம்மாள், சகுந்தலா என்னும் இரு பெண்மக்களும் செல்வரல்லர். செல்லம்மாள் தம் உடன்பிறந்தாரின் துணையுடன் பாரதி ஆசிரமம் என்ற பெயரால் 1922-ல் பாடல்களை வெளியிட்டார். கைம்பெண் ஒருவர் பதிப்பகம் நடத்துதல் அந்நாளில் எத்துணை அரிது! அது நிலைக்கவில்லை. பின்னர் பாரதியாரின் தம்பியும் பள்ளி ஆசிரியருமாகிய சி. விசுவநாத ஐயர் முதலியோர் பாரதி பிரசுராலயம் நிறுவினர். செல்லம்மாள் சில ஆயிரம் ரூபாய்க்கு உரிமையை அவர்கட்கு விற்றார். சிதறிக் கிடந்த கையெழுத்துப் படிகளையும் பத்திரிகைத் துண்டுகளையும் சேர்த்துப் பதிப்பித்த விசுவநாத ஐயரை வெறும் வணிகர் என்று இகழ்வது நன்றியன்று.

1928-ல் பர்மா அரசாங்கம் சுதேச கீதங்களைத் தடை செய்தது. அதனைத் தொடர்ந்து சென்னையிலும் பிரதிகள் பறிமுதலாயின. சட்டசபையில் எஸ். சத்தியமூர்த்தி முதலியோர் கடுமையாக எதிர்த்துப் பேசினர். அதன்பின் பாடல்களின் புகழ் முன்னிலும் மிகுந்தது.

இதற்குள் உலகம் மாறிற்று. இசைத்தட்டு வந்தது, வானொலி வந்தது, பேசும் படம் வந்தது. அச்சிடும் உரிமை ஒருவரிடமும், ஒலிவடிவாக்கும் உரிமை வேறொருவரிடமுமாகப் பிரிந்தன. ஒலியுரிமையைச் சென்னை வணிகர் ஒருவர் வாங்கினார். அவரிடமிருந்து 1946-ல் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் பெற்றார். 1947-ல் வெளிவந்த அவரது நாம் இருவர் படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. அவ்வாண்டு அக்டோபரில் எட்டயபுரத்தில், கல்கி முன்னின்று திரட்டிய பொருளால் எழுந்த மணிமண்டபத்தை ராஜாஜி திறந்து வைத்தார். கவிஞருக்கு மண்டபம் எழுப்பிய தமிழர், அவர் பாட்டைப் பாடுதற்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

1948-ல் டி. கே. எஸ். சகோதரர்கள் தம் பில்ஹணன் படத்தில் பாரதியார் பாடலொன்றைச் சேர்த்தனர். மெய்யப்பர் வழக்குத் தொடுத்தார். சட்டம் அவர் பக்கம் இருந்தது என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். விலை கொடுத்து வாங்கியவர் அவர். ஆயினும் டி. கே. சண்முகம் பணிந்தாரல்லர், பாரதி பாடல் மக்களுடையது என்பது அவர் கட்சி. ஜீவானந்தம் போன்றோர் இக்கோரிக்கையை மேடைதோறும் எழுப்பினர். வ. ரா. தலைமையில் பாரதி விடுதலைக் கழகம் தோன்றிற்று. நாரண துரைக்கண்ணன், டி. கே. சண்முகம் முதலியோர் திருநெல்வேலி சென்று செல்லம்மாளைக் கண்டு அவரது இசைவைப் பெற்றனர். உரிமையை விற்றுவிட்டவரிடம் இசைவு எதற்கு என்று சட்டம் அறிந்தோர் கேட்கலாம். செல்லம்மாளின் சொல் அவ்விடத்துச் சட்டத்தினும் கனத்தது.

அப்போது சென்னை மாகாண முதலமைச்சர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அரசாங்கம் கேட்டவுடன் மெய்யப்பர் தம் ஒலியுரிமையைப் பொருள் யாதும் பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1949 மார்ச்சில் பாரதியார் நூல்கள் நாட்டுடைமை என்ற அறிவிப்பு வந்தது. விசுவநாத ஐயருக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் தலைக்கு 5,000 ரூபாயும் அளிக்கப்பட்டன. அரசாங்கம் தானே சில தொகுதிகளை வெளியிட்டபின், 1950-களின் இடையில், எவரும் பதிப்பிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது.

இனி என் தொடக்க வினாவிற்கு வருகின்றேன். பாரதியார் மறைந்து அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1983-ல், அமெரிக்க நாட்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் எல்லார்க்கும் உரிய இயங்குதளம் ஒன்றை ஆக்கத் தொடங்கினார். வெறுமனே பொதுவில் விட்டால் பின்வருவோன் ஒருவன் அதனைச் சிறிது மாற்றித் தன்னுடையதென்று பூட்டிவிடுவான் என அஞ்சி, 1989-ல் ஜி.பி.எல். என்னும் உரிமத்தை வகுத்தார். எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் மாற்றியதைப் பிறர்க்கு அளிக்கும்போது, தான் பெற்ற அதே உரிமையை அவர்க்கும் அளித்தே ஆகவேண்டும். மாற்றிய இடத்தில் மாற்றினேன் என்று குறிப்பும் எழுத வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் பிறந்த பி.எஸ்.டி. கூட்டத்தாரோ, எடுப்பவன் தலையில் இத்தளையை ஏற்றுவானேன், ஆக்கியோன் பெயரை நீக்காதிருந்தாற் போதும் என்றனர். இவ்விரு கட்சியாரும் இன்றளவும் ஒன்றுபட்டிலர். லினக்ஸை 1991-ல் வெளியிட்ட லைனஸ் டோர்வால்ட்ஸ் முதலில் அதனை எவரும் பொருளுக்கு விற்றலாகாது என்றார். 1992-ல் அதை நீக்கி ஜி.பி.எல்.-ஐ ஏற்றார். 2007-ல் அவ்வுரிமத்தின் மூன்றாம் வடிவம் வந்தபோது ஏற்க மறுத்து, இரண்டிலேயே நின்றார். 2001-ல் ஓபன் பி.எஸ்.டி.யார் நெடுநாள் பயன்படுத்திய காவல் மென்பொருள் ஒன்றன் ஆசிரியர், என் இசைவின்றி இதனைத் திருத்தலாகாது என்று விளக்கம் தரவே, அவர்கள் அதனை ஒரே மூச்சில் நீக்கி, வேறொன்றைப் புதிதாக எழுதிக்கொண்டனர். அச்செய்தியைப் படித்தபோது பில்ஹணன் வழக்கே என் நினைவிற்கு வந்தது. மென்பொருளைப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். பாரதியார் பாட்டைப் புதிதாக எழுதிக்கொள்ள எவரால் இயலும்? ஆதலின் தமிழர்க்கு வழக்காடுவதன்றி வேறு வழியில்லாது போயிற்று.

பெயரைப் பற்றியும் பூசல் உண்டு. எம் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதைப்பூண்டை எவரும் கொண்டுபோய் எங்கும் ஊன்றலாம். ஆனால் கொடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயரிட்டு விற்றலாகாது. டெபியன் கூட்டத்தார்க்கும் இதுவே நேர்ந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நிரலை அவர்கள் திருத்தலாம். திருத்தினால் அப்பெயரை இடுதற்கு உடையவரின் இசைவு வேண்டும் என்று 2006-ல் தகராறு எழ, பத்தாண்டு வரை அதனை ஐஸ்வீசல் என்ற வேறு பெயரால் வழங்கினர். பொருள் பொது, பெயர் காவலுடையது என்னும் இவ்வேற்பாட்டை எங்கள் ஊர் விவசாயிகள் எளிதில் புரிந்துகொள்வர்.

பாரதியார் பாடல்களுக்கு நம் அரசார் செய்தது பி.எஸ்.டி. கட்சியையும் விஞ்சியது, ஒரு நிபந்தனையும் இல்லை. அதனால் விளைந்த நன்மை கண்கூடு. மலிவுப் பதிப்புக்கள் சந்தைதோறும் குவிந்தன; எம் ஊர்ப் பெட்டிக்கடையிலும் ஒரு பிரதி தொங்கக் கண்டிருக்கின்றேன். மண்ணெண்ணெய் போலச் செல்ல வேண்டும் என்று அவர் கண்ட கனவு அவ்வளவில் பலித்தது. ஆனால் பதிப்பித்தவர் பலரும் மூலத்தை ஒப்புநோக்கினாரல்லர். சொல் மாறின, தலைப்புக்கள் கூடின, வரிசை குலைந்தது. மாற்றினேன் என்று எவரும் குறித்திலர். குறிக்குமாறு எவரும் கேட்டிலர். மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பையும் எம் வீட்டு அச்சுப் பிரதியையும் ஒருநாள் ஒப்பிட்டபோது, ஒரே பாடலில் மூன்றிடங்களில் வேறுபாடு கண்டேன். எது கவிஞரின் எழுத்து என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆதலின், விடுதலைக் கழகத்தார் வேண்டியது முற்றும் சரியே என்று கருதும் யான், அரசார் ஒன்றை மறந்தனர் என்றும் கருதுகின்றேன். பதிப்புரிமையை வாங்கியவர்கள், விசுவநாத ஐயர் அதுகாறும் சுமந்த பாடக்காவற் பொறுப்பையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். எவரும் அச்சிடுக, மாற்றினால் மாற்றிய இடத்தைக் குறித்திடுக என்ற ஒரு வரி போதுமாயிருந்திருக்கும். அவ்வொரு வரியும் தளையே என்று என் வகுப்புத் தோழன் வாதிடுகின்றான். தப்பும் தவறுமாக அச்சிட்டாலும் பாட்டு ஏழையின் கைக்குச் சென்றது பெரிதன்றோ என்பது அவன் கேள்வி. அவனை யான் இன்னும் வென்றபாடில்லை.

விட்டுப்போன அப்பணியைப் பின்னர்ப் பலர் தனித்தனியே மேற்கொண்டனர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-ல் பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பு வெளியிட்டது. சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடிக் காலவரிசைப்படி தொகுத்த எழுத்துக்கள் இருபத்துமூன்று தொகுதிகளாயின. கவிஞர் பிறந்த நாளாகிய 2024 டிசம்பர் 11-ல் அவை புதுதில்லியில் ஒருங்கே வெளியிடப்பெற்றன. கடையத்தில் கணக்கிட்ட நாற்பதுக்கு இன்னும் பதினேழு குறைவு. செல்லம்மாள் இவற்றுள் ஒன்றையும் கண்டாரல்லர். அவர் 1955-லேயே காலமானார்.